சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

திண்டுக்கல்லில் யாருக்காவது சுகர் என்று தெரிந்தால், வீட்டிலும் டீக்கடையிலும் முதலில் பழி சுமப்பது பிரியாணிதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை, பிற்பாடு தலப்பாக்கட்டி என்ற பெயரில் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சீரகச் சம்பா அரிசியின் மணமும் ஆட்டுக்கறியும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இந்த ஊரில் ஒரு சிறு திருவிழாவாகவே ஆக்கிவிடும். அளவு மீறினால் அதுவும் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு 21 வேளைச் சாப்பாடு. பிரியாணி வருவது அதில் ஒரு வேளை. மீதி 20 வேளையும் நம் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி யாரும் அவ்வளவு ஆவேசமாகப் பேசுவதில்லை.

காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி. மதியம் குவித்த சோறு, அதன் மேல் தண்ணீராக ஒரு குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், பிறகு ரசத்துக்கு மறுபடி சோறு, மோருக்கு இன்னொரு முறை சோறு. ராத்திரி தோசையோ, மதியச் சோற்றின் மிச்சமோ. நான் பேச வந்தது இந்தத் தட்டைப் பற்றி. 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதே தட்டை நாடு முழுவதும் அளந்து பார்த்திருக்கிறது. அது சொல்லும் செய்தி, இத்தனை நாளாக நாம் கேட்டுப் பழகிய 'அரிசியை விடு, சிறுதானியத்துக்கு மாறு' என்ற அறிவுரையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையில் உள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2008 முதல் மாநிலம் மாநிலமாக நடத்திய கணக்கெடுப்புக்கு 'இண்டியாப்' என்று பெயர். டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோர் இதன் முன்னணியில் இருக்கிறார்கள். நகரமும் கிராமமும் கலந்து வீடு வீடாகப் போய், ரத்தச் சர்க்கரை பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, இடுப்புச் சுற்றளவை அளந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின் தேசிய முடிவு 2023இல் வந்தது: இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறக்குறைய 10.1 கோடிப் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது சர்க்கரை கூடியிருந்தும் நோய் என்ற எல்லையைத் தொடாதவர்கள், 13.6 கோடிப் பேர். கணக்கெடுத்தவர்களில் ஒரு பகுதியினரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு, எத்தனை முறை என்றும் விரிவாகக் கேட்டார்கள். 2025இல் வந்த கட்டுரை இந்த உணவுக் கணக்கைப் பற்றியது.

நாம் ஒரு நாளில் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. உலகத்தில் மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம் மட்டும். தெற்கிலும் கிழக்கிலும் வடகிழக்கிலும் மாவுச்சத்தின் முக்கிய வடிவம் தீட்டிய வெள்ளை அரிசி. வடக்கிலும் நடுப்பகுதியிலும் கோதுமை மாவு. மாவுச்சத்தை அதிகமாக உண்பவர்களிடம் நீரிழிவும், நீரிழிவுக்கு முந்தைய நிலையும், உடல்பருமனும் கூடுதலாக இருந்தன. இதுவரை வியப்பில்லை.

அடுத்ததுதான் முக்கியம். வெள்ளை அரிசிக்குப் பதிலாக அதே ஆற்றல் அளவுக்கு முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். மொத்த மாவுச்சத்து குறையாதவரை, அந்த மாற்றத்தால் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் வெறும் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்தையோ பால், தயிர்ப் புரதத்தையோ வைத்துக் கணக்கிட்டபோது ஆபத்து குறைந்தது. அந்த இடத்தை ஆட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியின் புரதத்தாலோ கொழுப்பாலோ நிரப்பியபோது அதே பலன் கிடைக்கவில்லை.

கடை அலமாரியில் இன்று கேழ்வரகு சேமியா, கம்பு நூடுல்ஸ், தினை ரவை, சாமை தோசைமிக்ஸ் என்று வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது இந்த முடிவின் கனம் புரியும். சிறுதானியம் நல்லதுதான். கேழ்வரகில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல், வேறு எந்தத் தானியத்திலும் கிடையாது. கம்பில் இரும்பும் புரதமும் அரிசியைவிடக் கூடுதல். ஆனால் கேழ்வரகின் புரதம் ஏறக்குறைய 7 சதவீதம். அரிசியும் அதே அளவுதான். எல்லாத் தானியங்களிலும் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ மாவுச்சத்து. அதை மைதா போல் மையாக அரைத்து, கூழாகக் காய்ச்சியோ சேமியாவாகப் பிழிந்தோ சாப்பிட்டால், தானியத்தின் முழுமை தருகிற தடுப்பு பாதி போய்விடுகிறது. உமிழ்நீரிலும் கணையத்திலும் சுரக்கும் அமைலேஸ் நொதி வேலை செய்ய வேண்டிய பரப்பு அரைக்க அரைக்கக் கூடுகிறது. மாவு எவ்வளவு மையோ அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும். தோட்டத்துக் கம்பை உரலில் இடித்துச் சோறாக ஆக்கியதும், இன்றைக்கு ஆலையில் அரைத்து வரும் கம்பு மாவும் உடம்புக்கு ஒன்றல்ல.

தீட்டிய அரிசிக்கும் இதே கதிதான். நெல்லின் உமி நீங்கியதும் மேலே தவிட்டுப் படலமும் ஓரத்தில் முளைக்கருவும் இருக்கின்றன. நார்ச்சத்து, பி வைட்டமின்கள், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் அவற்றில்தான். தீட்டியபின் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. அந்த மாவுச்சத்தின் வேகத்தை அளக்கும் எண்தான் கிளைசீமிக் குறியீடு. தூய குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்ற உணவுகளை அதனோடு ஒப்பிடுவார்கள். 70ம் அதற்கு மேலும் இருந்தால் உயர்ந்தது என்று கணக்கு. நம்மூர் வீடுகளில் பொங்கும் பொன்னி அரிசிக்கு அந்த எண் சுமார் 70. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் விரும்பப்படும் சோனா மசூரி 72, குஜராத்தின் சூரத்தி கோலம் 77. மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் அளந்த எண்கள் இவை. எண் மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாது. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையும் அதோடு பெருக்க வேண்டும்.

அப்படிப் பெருக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. 21 நாடுகள், 1,32,373 பேர், சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' ஆய்வு அது. தெற்காசியாவில் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் வெந்த சோற்றின் நடுத்தர அளவு 630 கிராம், சீனாவில் 200. தினம் 450 கிராமுக்கு மேல் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழ் உண்டவர்களோடு ஒப்பிட, நீரிழிவு வரும் வாய்ப்பு எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவை மட்டும் தனியே எடுத்தால் 61 சதவீதம் கூடுதல். சீனாவில் அப்படி ஒரு தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சீனர்களும் சோறுதான் உண்கிறார்கள். ஆனால் அவர்கள் கிண்ணத்தில் சோறு குறைவு. மேசையில் கீரை, காய், சோயா, மீன், முட்டை என்று பக்கத்துக் கிண்ணங்கள் அதிகம். என் வாசிப்பில் இந்த இரண்டு ஆய்வுகளும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. எந்தத் தானியம் என்ற கேள்வியைவிட, தானியத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரியது.

நம் உடம்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் சோற்றுக்குத் தோற்கிறது என்பதற்கு புனேயில் ஒரு பதில் கிடைத்தது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், தம் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினோடு சேர்ந்து 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு பேரின் படத்தை வெளியிட்டார்: அந்த இருவரும் அவர்களேதான். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் அச்சு அசலாக ஒன்று, 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைவு. இந்த அமைப்பு பிறக்கும்போதே இருக்கிறது என்பதையும் புனே ஆய்வுகள் காட்டின. அங்கே பிறக்கும் குழந்தை சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தில் சௌதாம்ப்டனில் பிறப்பது 3.5 கிலோ, ஆனால் எடை இவ்வளவு குறைந்திருந்தும் தோலுக்கடியிலான கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும்.

இதற்கும் மதியச் சோற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசை. இன்சுலின் வந்து கதவைத் தட்டும்போது தசைச் செல்கள் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிற தசையே குறைவு என்றால், அதுவும் உட்கார்ந்தே கிடக்கிற தசை என்றால், சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைத்துப்போகும். முந்தைய தலைமுறைக்குச் சோற்று மலை தேவைப்பட்டது உண்மை. கவலையில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்களும், கிணறு வெட்டியவர்களும், பட்டறையில் நின்று அரம் போட்டுப் பூட்டுச் செய்தவர்களும் உண்டது அன்றைக்கே எரிந்து போயிற்று. இன்று தண்ணீரை மோட்டார் இறைக்கிறது. வேடசந்தூர் நூற்பாலைகளில் மூன்று ஷிப்டு மாறி மாறித் தூக்கம் கெடுகிறது. கடையிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்க நாற்காலி. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவாகவே இருக்கிறது.

அரிசியையும் நோயையும் சேர்த்து யோசிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று சாகடிக்கும் நோய் அது. காரணம் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவு. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்பவர்களைத் தாக்கியது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அது பரவியிருந்தபோது, தமிழ்நாட்டில் அவ்வளவாக இல்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. நெல் அவிக்கத் தெரிந்த நம் பாட்டிமார்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று சீக்கியர்கள் உண்ட உணவில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. பெரும்பகுதி சோறும் கொஞ்சம் பக்க உணவும் என்ற சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை சிறுத்து, நோய்வாய்ப்பட்டன. இதைக் கோதுமையின் வெற்றி, அரிசியின் தோல்வி என்று அந்தக் காலத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். இன்று மறுபடி அந்தப் பட்டியலைப் பாருங்கள். சீக்கியர் தட்டில் பருப்பும் பாலும் காயும் இருந்தன. இப்போது 'இண்டியாப்' கணக்கு கோதுமைக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. பருப்புக்கும் பாலுக்கும் தருகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த எலிகளின் சாட்சியம் சரியாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் 1930களில் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியபோது அவர்கள் கையில் இருந்த அறிவியல், குன்னூரும் அதைப் போன்ற கூடங்களும் தந்ததுதான். திண்டுக்கல்லுக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, மருத்துவமும் பிரசவமும் சாப்பாடும் ஒரே வேலையின் பகுதிகளாகவே அங்கே பார்க்கப்பட்டன. அன்றைய பகை பஞ்சமும் வைட்டமின் குறைவும். தேவைப்பட்டது வயிறு நிறையச் சோறு. அந்தப் போரில் நாம் பெரும்பாலும் வென்றுவிட்டோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். பசியால் வதங்கிய முகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தத் திட்டத்தை ஒருபோதும் இளக்காரமாகப் பேசமாட்டார்கள், நானும் பேசவில்லை. ஆனால் அந்த வெற்றியின் கணக்கை இப்போது எடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி. அதே அட்டைக்குத் துவரம்பருப்பு 1 கிலோ, 30 ரூபாய்க்கு. பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய்க்கு. ஒரு கிலோ பருப்பை நாலு பேருக்கு முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம், ஓரிரு தேக்கரண்டி, அவ்வளவுதான். அதில் உள்ள புரதம் 2 கிராமைத் தொடாது. நம் சாம்பார் ஏன் தண்ணீராக இருக்கிறது என்பதற்குச் சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிச்சந்தையில் பருப்பு விலை 100 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, கூலி வேலை செய்கிற வீட்டில் மாதக் கடைசியில் பருப்புதான் முதலில் குறையும், அரிசி குறையாது.

இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஆற்றல் தேவை 2,000 கலோரி உள்ள ஒருவருக்குத் தானியம் சுமார் 250 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி வகை எல்லாம் சேர்த்து 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பால் 300 மில்லி. பழம் 100 கிராம். கூடவே கொஞ்சம் கடலை வகை. தானியத்துக்கும் பருப்பு வகைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 3க்கு 1. ரேஷன் அட்டையில் அது 20க்கு 1. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நம் மாவட்டத்துச் சுகர் நோயின் ஒரு பெரும் பகுதி ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு.

வேதனை என்னவென்றால், திண்டுக்கல் சமவெளி பருப்பும் பயறும் விளைந்த மண். குடகனாறு பாயும் சிறு பகுதிகளையும், வைகை தொடும் நிலக்கோட்டைப் பக்கத்தையும் பழனி வட்டாரத்தையும் விட்டால் மற்றவை பெரும்பாலும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். சோளம், கம்பு, சாமை விதைத்த காட்டில் வரிசைக்கு வரிசை மொச்சையும் தட்டைப்பயறும் துவரையும் ஊடுபயிராகப் போட்டார்கள். கடைசி மழைக்குக் கொள்ளு தெளித்தார்கள். பயறு வகையின் வேர் முடிச்சுகள் காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்ததால் மறுவருடச் சோளத்துக்கு உரமும் ஆயிற்று. தட்டிலும் அதே கூட்டு. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. சோளச் சோறும் மொச்சைக் குழம்பும், கம்பங்களியும் கொள்ளு மசியலும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பின. சிறுதானியத்தின் பெருமையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டாளியை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்துத் தட்டில் கம்பு தனியாக வரவில்லை.

இன்று அதே காடுகளில் தென்னையும் முருங்கையும் மக்காச்சோளமும் நிற்கின்றன. மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து முருங்கைக்காயும் கத்தரியும் தக்காளியும் அவரையும் லாரி லாரியாகக் கேரளத்துக்கு ஏறுகின்றன. விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இருந்தாலும், காய்கறி இவ்வளவு விளையும் வட்டாரத்தில் மதியத் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி பொரியல் கிடப்பது மனதை உறுத்துகிறது. பிரச்சினை சந்தையில் மட்டும் இல்லை. சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்வது என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் வரிசையிலும் இருக்கிறது.

அந்த 5 சதவீதம் வீட்டில் எப்படி இருக்கும்? 2,000 கலோரியில் 5 சதவீதம் 100 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரிதான். எனவே 25 கிராம் மாவுச்சத்து வெளியே, 25 கிராம் புரதம் உள்ளே. வெளியே போவது வெந்த சோற்றில் சுமார் 90 கிராம்: இரண்டாவது முறை விழும் சோற்றில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு இட்லி, அவ்வளவில் முடிந்துவிடும். உள்ளே வருவதற்குத்தான் யோசனை வேண்டும். 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு பிடி தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ அவித்த சுண்டலில் 6 கிராம். ஒரு டம்ளர் கட்டித் தயிரில் 6. ஒரு முட்டையில் 6. நாலும் சேர்ந்தால் 25ஐ ஒட்டி வந்துவிடும். இவற்றிலும் ஆற்றல் உண்டு என்பதால், கூட்டிக்கொண்டே போகாமல் சோற்றைக் குறைத்த இடத்தில் இவற்றை வைக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். நீண்ட நாள் சுகர் இருந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

பயறு ஏன் இப்படி உதவுகிறது? அதிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஆனால் அந்த மாவுச்சத்து தடித்த செல் சுவருக்குள் அடைபட்டு இருக்கிறது; அவித்த பிறகும் முழுசாக உடைவதில்லை. அமைலோஸ் என்ற நீள்சங்கிலி வகை அதில் அதிகம், அதை நொதிகள் மெதுவாகவே அறுக்கின்றன. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. புரதம் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, குடலிலிருந்து இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்களை வரவழைக்கிறது. வரிசையிலும் இதே தத்துவம் வேலை செய்கிறது. நியூயார்க்கில் 2015இல் நீரிழிவு உள்ள 11 பேரை வைத்துச் செய்த சிறு சோதனையில், ஒரே உணவைக் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து பிறகு என்று உண்டபோது ஒரு மணி நேரத்தில் ஏறிய சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் சோற்றில் கை வைக்கும் முன் பொரியலையும் சுண்டலையும் சாப்பிட்டு முடிப்பதற்குக் காசு செலவில்லை.

இதே எச்சரிக்கை 'இண்டியாப்' ஆய்வுக்கும் பொருந்தும். 5 சதவீத மாற்றம் என்று சொன்னேனே, அது யாரையும் அப்படிச் சாப்பிட வைத்துப் பார்த்த சோதனை இல்லை. மக்கள் ஏற்கெனவே உண்பதையும் அவர்கள் ரத்தச் சர்க்கரையையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டு, இதற்குப் பதில் அது இருந்தால் என்று புள்ளியியல் முறையில் போட்ட கணக்கு. பருப்பும் பாலும் அதிகம் உண்பவர்கள் வேறு வகையிலும் வசதி உள்ளவர்களாக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள் என்றாலும் முழுக்கக் கழிக்க முடியாது. நேரடிச் சோதனைகள் பெரும்பாலும் அடக்கமான பலனையே காட்டும். சென்னையில் வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசியைச் சில மாதங்கள் உண்ணவைத்து 2019இல் வெளியிட்ட சோதனையில், எல்லோருக்கும் பெரிய மாற்றம் வரவில்லை. ஏற்கெனவே வயிற்றுப் பருமனும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தவர்களுக்கே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்கியது. தானியத்தை மட்டும் மாற்றுவதன் எல்லை எது என்பதை இதுவும் காட்டுகிறது.

சோதனையால் உறுதியாக நிற்பது ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். உணவையும் நடையையும் சீர்செய்த குழுவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த குழுவில் குறைந்தது ஏறக்குறைய அதே அளவு. உடல் எடையில் பெரிய இறக்கம் இல்லாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பதை ஒல்லியாக இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நத்தம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சிறுதானியமோ, அதோடு சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். விகிதம் 3க்கு 1ஐ நெருங்கி வருகிறது. மதிய உணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை. பள்ளித் தட்டை அளந்து போட்ட அதே அரசுதான் ரேஷன் அட்டையையும் தருகிறது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்து போடுகிற பருப்பு, அதே பிள்ளையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏன் மாதம் ஒரு கிலோவில் நிற்க வேண்டும்? வேடசந்தூரிலும் குஜிலியம்பாறையிலும் விதைக்க ஆளில்லாமல் போன கொள்ளையும் தட்டைப்பயறையும் நியாயமான விலைக்குக் கொள்முதல் செய்து, அரிசியில் மூன்று கிலோவைக் குறைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு அதற்கு ஈடாகப் பயறு என்று ஒரு வட்டத்திலாவது தொடங்கிப் பார்க்கலாம். ஓராண்டு முன்னும் பின்னும் அந்த வட்டத்து மக்களின் மூன்று மாதச் சர்க்கரை அளவை எடுத்தால், இதுவரை காகிதத்தில் மட்டும் போட்ட 5 சதவீதக் கணக்கு நிஜ உடம்பில் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.